தாராசிங்கும் மலாயாக் குஸ்தி மேடைகளும்



"நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று பிள்ளைகளைக் கேலி செய்யும் முதியவர்கள் எங்கள் டெங்கில் வட்டாரத்தில் இன்றும் உள்ளனர். அந்தப் பெயருக்குரியவரைத் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நடித்தவர் என்று நம்மில் பலர் அறிவோம். ஆனால் அவர் தொழில்முறைக் குஸ்தி பயின்றது நம் மண்ணுக்கு அருகிலேதான் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

தாராசிங் 1928 நவம்பர் 19-ஆம் நாள், பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் பிறந்தார். 1947-இல் சிங்கப்பூர் வந்து, டிரம் தயாரிக்கும் ஆலையொன்றில் வேலை செய்தார். அவ்வேளையில்தான் 'கிரேட் வேர்ல்ட்' அரங்கத்தில் ஹர்னாம் சிங்கிடம் குஸ்தி பயிலத் தொடங்கினார்.

கிரேட் வேர்ல்ட் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. சீன நாடகம், நடனம், குத்துச்சண்டை, குஸ்தி எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். கோலாலம்பூரில் இதற்கு இணையாக இருந்தது புக்கிட் பிந்தாங் பூங்கா. 'பிபி பார்க்' என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் இடம் அது. தாராசிங் தர்லோக் சிங் என்பவரைக் கோலாலம்பூரில் வென்று மலாயாவின் வெற்றிவீரர் ஆனார். 'மலேசிய வெற்றிவீரர்' என்று சிலர் எழுதுகின்றனர். மலேசியா உருவானது 1963-இல். மாணவர்க்குச் சொல்லும்போது 'மலாயா' என்றே சொல்லுங்கள்.

பஞ்சாபில் குஸ்தி மண் களத்தில் நடப்பது. எதிராளியின் முதுகு மண்ணில் பட வேண்டும்; பட்டால் ஆட்டம் முடிந்தது. பூங்கா மேடையோ கயிறு கட்டிய மேடை. அங்கே ஏற்பாட்டாளர் இருக்கிறார், நுழைவுச்சீட்டு இருக்கிறது. நல்லவன், கெட்டவன் என்ற வேடமும் இருக்கிறது. யார் வெல்வது என்பது பெரும்பாலும் முன்னரே முடிவாகிவிடும். இதனால்தான், 'தாராசிங் ஐந்நூறு போட்டிகளில் தோற்றதே இல்லை' என்ற புகழ்மொழியை வரலாற்றுச் சான்றாக நான் ஏற்பதில்லை. அது விளம்பரத்தட்டியின் மொழி.

உலக வெற்றிவீரர் பட்டத்தையும் சற்று ஆராய்வோம். 1959-இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று அவர் காமன்வெல்த் பட்டம் பெற்றார். 1968 மே 29-ஆம் நாள் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார் என்பர். ஆனால் தெஸ் தம் அமெரிக்க உலகப் பட்டத்தை 1966-லேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். பம்பாய்ப் போட்டியின்போது அவருக்கு வயது 52. கினிஸ்கியோ அப்போதும் பட்டத்துடன் இருந்தார். அவரவர் ஊரில் அவரவர் உலகப் பட்டம்! அக்காலத்தில் அது வழக்கமே.

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? மாணவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். நம்மில் சிலர் 'நடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது பாதி விடைதான். முடிவு நாடகமாக இருக்கலாம், விழும் உடல் உண்மையானது. சுமார் 200 கிலோ எடை உள்ளவராகக் கூறப்பட்ட கிங்காங் என்ற எமில் சாயாவைத் தூக்குவதற்கு வேடம் போதாது, முதுகெலும்பு வேண்டும். தெஸ்ஸும் தாராசிங்கை உண்மையான மல்லர் என்றே மதித்தார்.

ஹங்கேரியரான கிங்காங் சிங்கப்பூரையே தம் ஊராக்கிக் கொண்டவர். 1950-களில் இவ்விருவரும் பலமுறை மோதினர். மேடையில் பகைவர்கள், பிழைப்பிலோ ஒருவரால் ஒருவர் வாழ்ந்தவர்கள். 1970-இல் சாலை விபத்தில் காயமுற்றுக் கிங்காங் இறந்தார்.

தாராசிங் 1962-இல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே ஓர் இந்திப் படத்தில் நடித்தார். 1983-இல் குஸ்தியிலிருந்து ஓய்வு பெற்றார். அனுமன் வேடம் அதன் பின்னர் வந்தது. 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 2012 ஜூலை 12-ஆம் நாள் மும்பையில் காலமானார். நம் மாணவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் 'டபிள்யூ டபிள்யூ இ' நிறுவனம், 2018-இல் தன் புகழ்மண்டபத்தில் அவர் பெயரையும் சேர்த்தது.