கொல்லைப்புற வாசல்: 1825, 1952

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல் 1952-இல் முடிந்தபோது, சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பதவியிலிருந்த முதலமைச்சர் பூ. ச. குமாரசுவாமி ராஜாவே தோற்றுப்போனார். எதிரணியினர் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்ற பெயரில் ஒன்றுகூடி, ஆந்திரத் தலைவர் த. பிரகாசத்தைத் தலைவராகத் தேர்ந்து, தமக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு உண்டென்று ஆளுநர் ஸ்ரீபிரகாசாவிடம் தெரிவித்தனர். பெரும்பான்மைக்கு வேண்டியவை 188. ஆக, வாக்காளர் இருதரப்பாருக்கும் தெளிவான ஆணை எதையும் வழங்கவில்லை.

ஆளுநர் அழைத்தது ராஜாஜியை. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த அவர் அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. மேலவைக்கு நியமன உறுப்பினராக்கப்பட்டு, 1952 ஏப்ரல் 10-ஆம் நாள் முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இந்த நியமனத்தை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அரசினர் தோட்டத்தில், இன்று கலைவாணர் அரங்கம் நிற்கும் இடத்தில் கூடிய பேரவை, ஜூலை மாதம் 200-க்கு 151 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கை தெரிவித்தது. சட்டத்தின் கண்களில் குறை எதுவுமில்லை. ஆயினும் எதிரிகள் சூட்டிய பெயர் ஒட்டிக்கொண்டது: கொல்லைப்புற வழியாக வந்தவர்.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று, 127 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்தது. அங்கே 1824 தேர்தலில் நால்வர் மோதினர். மக்கள் வாக்குகளிலும் தேர்வாளர் வாக்குகளிலும் முதலிடம் பெற்றவர் போர்த்தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன். தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்சுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. வேண்டிய 131 எவருக்கும் இல்லை. அத்தகைய நிலையில், முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. நான்காமிடத்தால் போட்டியிலிருந்து விலக நேர்ந்த கிளே அச்சபையின் தலைவர். அவர் ஆடம்சை ஆதரித்தார். கிளேயின் கென்டக்கி மாநிலச் சட்டமன்றம் ஜாக்சனையே ஆதரிக்குமாறு தன் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தும், கென்டக்கியின் வாக்கு ஆடம்சுக்குப் போயிற்று. 1825 பிப்ரவரி 9-ஆம் நாள் 13 மாநிலங்களின் ஆதரவோடு ஆடம்ஸ் வென்றார். சில நாட்களில் கிளேயைத் தம் வெளியுறவு அமைச்சராக அறிவித்தார். 'ஊழல் பேரம்' என்று முழங்கியது ஜாக்சன் தரப்பு. இருவரும் மறுத்தனர், மறுப்பு எடுபடவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் தோற்ற தரப்பின் வாதம் முற்றிலும் சரியென்று கூற இயலாது. ஜாக்சனுக்குக் கிடைத்தவை பாதிக்கும் குறைவான மக்கள் வாக்குகளே. பிரகாசத்தின் முன்னணியும் தேர்தலுக்குப் பிறகு ஒட்டவைக்கப்பட்டதுதான். ஆனால் அரசியலில் ஒருவர் பதவிக்கு வந்த வழி, வந்தபின் அவர் செய்வனவற்றின் மீதெல்லாம் நிழலாக விழுகிறது. என் கருத்தில் இவ்விரு வரலாறுகளும் சேர்ந்து காட்டும் உண்மை இதுவே.

ஆடம்ஸ் பெரும் படிப்பாளி. 1825 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய முதல் ஆண்டுச் செய்தியில் தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக்கூடம், சாலைகள், கால்வாய்கள் என்று விரிவான கனவொன்றை முன்வைத்தார். வாக்காளரின் விருப்பத்தால் நம் கைகள் கட்டுண்டதாக உலகம் எண்ணிவிடலாகாது என்ற பொருளில் அதில் அவர் எழுதியது, எதிரிகளுக்கு வாயில் அவல் போட்டதுபோல் ஆயிற்று. மக்கள் தேர்ந்தெடுக்காதவர் மக்களின் விருப்பத்தைப் பொருட்படுத்தாதே என்கிறாரே என்றனர். வானாய்வுக்கூடம் கேலிப்பொருளாயிற்று.

ராஜாஜியும் படிப்பாளி. 1952 ஜூனில் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கிப் பாராட்டுப் பெற்றவர். அவரை வீழ்த்தியதும் ஒரு கல்வித் திட்டமே. கிராமத் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவேளை மட்டும் பள்ளிக்கு வந்து, மற்ற வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று 1953-இல் அறிவித்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்கு 'குலக்கல்வி' என்று பெயரிட்டனர். திட்டத்தின் உள்ளடக்கமே எதிர்ப்புக்குப் போதுமானது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசல் அடைபட்டிருந்தோருக்கு அது மீண்டும் சாத்தப்படும் கதவாகத்தான் தெரியும். பேரவையைக் கலந்துகொள்ளாமலே அது வந்ததால், 'இதற்கு யார் ஆணை தந்தார்கள்?' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. தேர்தலைச் சந்தித்திராத முதலமைச்சரிடம் அதற்கு விடை இல்லை. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் பேரவை சரிபாதியாகப் பிரிந்தது. 1954-இல் அவர் விலகினார். அவ்வாண்டு மே மாதம் திட்டமும் கைவிடப்பட்டது.

அவருக்குப் பின் வந்த காமராசர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை என்ற வாசல் அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அமெரிக்காவில் ஜாக்சனும் 1828-இல் மீண்டும் வாக்காளரிடம் சென்று, 83-க்கு எதிராக 178 தேர்வாளர் வாக்குகள் பெற்றார்.

இத்தோடு நிறுத்தினால் முன்வாசலுக்குத் துதிபாடியதாகிவிடும். ஜாக்சனை ஏற்றிவைத்த 'மக்கள்' பெரும்பாலும் வெள்ளை ஆண்களே. பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டிய 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அதே ஜாக்சன்தான். வாக்கு ஆளும் உரிமையைத் தரும், நீதியுணர்வைத் தராது. தோற்று வீடு திரும்பிய ஆடம்சோ அதே 1830-இல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டு வென்று, 1848-இல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைச் சபை விவாதிக்கவே கூடாதென்ற தடையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து, 1844-இல் அதை நீக்கச் செய்தார். குடியரசுத் தலைவராக அவரால் பெறமுடியாத மதிப்பை, ஒரு சிறு தொகுதியின் வாக்காளர்கள் அவருக்குப் பெற்றுத் தந்தனர்.