'லூஸ்': ஒரு சொல்லின் வரலாறு

'லூஸ்' என்பது தளர்வு, இறுக்கமின்மை, கட்டவிழ்ந்த நிலை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ்ப் பேச்சு வழக்கிலும் இது வேரூன்றியுள்ளது.

தோற்றம்

இச்சொல் ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்சு மொழியிலிருந்து வந்தது. கி.பி. 793இல் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கினர். அடுத்த நூற்றாண்டில் அந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அக்குடியேற்றத்தால் ஆங்கிலத்தில் கலந்த பல சொற்களுள் இதுவும் ஒன்று. 'வயர்லெஸ்' என்பதில் 'இல்லாத' என்று பொருள்தரும் 'லெஸ்' விகுதியும் இதன் உறவுச் சொல்லே.

பொருள் வளர்ச்சி

கட்டிலிருந்து விடுபட்டது என்பதே இதன் அடிப்படைப் பொருள். வில்லிலிருந்து அம்பை விடுவதையும் இதே சொல் குறிக்கும். பாய்மரக் கப்பலில் பீரங்கிகளைக் கயிற்றால் கட்டியிருப்பர். கட்டு அறுந்தால் பீரங்கி உருண்டு சொந்தக் கப்பலையே சேதப்படுத்தும். இதனால் கட்டுக்கடங்காத மனிதரை 'லூஸ் கேனன்' என்கின்றனர். இயந்திரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் 'திருகு தளர்ந்தது' என்னும் தொடர் வழக்கில் இருந்தது. ஏதோ கோளாறு என்று பொருள்பட்ட அது, மனத்தடுமாற்றத்தையும் குறிக்கலாயிற்று.

தமிழில்

சட்டை லூஸாக இருக்கிறது என்கிறோம். பொட்டலமிடாத எண்ணெயை 'லூஸில்' வாங்குகிறோம். வயிற்றுப்போக்கு 'லூஸ் மோஷன்' ஆகிறது. இவற்றில் பொருள் பெரிதும் மாறவில்லை. ஆனால் 'லூசு' என்னும்போது, தன்மையைக் குறித்த சொல் மனிதரையே குறிக்கும் பெயராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒருவரை அவ்வாறு அழைக்கும் வழக்கம் இல்லை. 'மரை கழன்றவன்' என்ற தமிழ் வழக்கிலும் திருகு உருவகமே உள்ளது.

சட்டமும் பேச்சும்

மனநலம் பற்றிய இந்தியச் சட்டங்களில் சொற்கள் மாறி வந்துள்ளன. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் பித்து நிலையைக் குறிக்கும் 'லூனசி' என்ற சொல் இருந்தது. 1987இல் அது நீக்கப்பட்டு மனநலச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கைவிட்ட ஏளனத்தை அன்றாடப் பேச்சு இன்னும் கைவிடவில்லை. நண்பர்களிடையே 'லூசு' செல்லச் சொல்லாகவும் வழங்கலாம். ஆனால் மன உளைச்சலில் இருப்பவர், அந்தப் பெயர் தமக்கு வந்துவிடுமோ என அஞ்சியே மருத்துவரிடம் செல்லத் தயங்கக்கூடும். தளர்ந்த சட்டைக்கும் தளர்ந்த மனத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்து இதுவே.