மரபுரிமையும் கடமையும்

மரபுரிமை என்றதும் தந்தையின் நிலமும் வீடும் மைந்தனைச் சேர்வதே நம் நினைவுக்கு வரும். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையிலும் அச்சொல் வழங்குகிறது. அது அங்கே தோன்றிய வரலாற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

1960-களில் ஆஸ்லோ நகரத்து நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்னும் அறிஞர் இருவர் பணியாற்றினர். உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதற்காகச் சிமுலா என்ற நிரல்மொழியை ஆக்கினர். அப்பணியில் ஓர் இடர் எழுந்தது. சுங்கச்சாவடி ஒன்றை எண்ணிப் பாருங்கள். பஸ்ஸும் லாரியும் காரும் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்றல் மூன்றுக்கும் பொது; பயணிகளை ஏற்றுதல் பஸ்ஸுக்கும், சரக்கு ஏற்றுதல் லாரிக்கும் தனி. பொதுவானதை மும்முறை எழுதுவானேன்?

1967-இல் அவர்கள் வகுத்த சிமுலா 67 இதற்கு விடை கண்டது. பொதுவானவற்றை ‘ஊர்தி’ என்னும் மூல வகுப்பில் ஒருமுறை எழுதினால் போதும். அதன் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துப் பஸ், லாரி முதலிய கிளை வகுப்புகளை ஆக்கலாம். தந்தையின் குணங்கள் அனைத்தும் கிளைக்குத் தாமே வந்து சேரும். சிமுலாவைப் பயின்ற பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் தொடங்கிய முயற்சியே பின்னர் சி++ மொழியாக மலர்ந்தது.

ஆனால், உரிமையோடு கடமையும் வருமன்றோ? 1987-இல் அமெரிக்க அறிஞர் பார்பரா லிஸ்கோவ் ஒரு மாநாட்டு உரையில் இதனைத் தெளிவுறுத்தினார். மூல வகுப்பு நிற்கும் இடத்தில் கிளை வகுப்பை நிறுத்தினாலும் நிரல் பிறழாது இயங்க வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இதற்குச் சதுரம் நல்ல சான்று. சதுரம் செவ்வகத்தின் ஒரு வகை என்கிறது கணிதம். ஆயினும், அகலத்தை மாற்றினால் நீளம் மாறாது என்பது செவ்வகம் தந்த வாக்கு. சதுரமோ ஒன்றை மாற்றும்போதே மற்றதையும் மாற்றியாக வேண்டும். அகலத்தை 5 என்றும், பின்னர் நீளத்தை 4 என்றும் அமைத்து, 20 என்ற பரப்பை எதிர்பார்க்கும் நிரலுக்கு 16 கிடைக்கும். கணிப்பொறி முறையிடாது, தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும்.

டாலும் நீகார்டும் 2001-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்று, 2002-இல் மறைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற செல்வத்தைக் கையாள்வோர் நீங்கள். வகுப்பு ஒன்றை எழுதுகையில், உழைப்பு மிச்சமாகுமா என்று மட்டும் கேளாதீர்கள்; தந்தை கொடுத்த வாக்கை மைந்தன் காப்பானா என்றும் கேளுங்கள். காவான் எனில், அவனை அந்தக் குடியில் சேர்க்காதிருப்பதே அறிவுடைமை.