மைல்கல் சார்ஜ் கம்பமான கதை

பிரெஞ்சில் 'போர்ன்' என்று ஒரு சொல் உண்டு. பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பொருள் எல்லைக்கல், மைல்கல் என்பதுதான். இன்று பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பல நேரம் அது மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றும் கம்பத்தைக் குறிக்கிறது. அந்தக் கம்பங்கள் பிரான்சில் வந்த வரலாறு சுவையானது. கொஞ்சம் வருத்தமானதும்கூட.

மின்சாரக் கார் புதிய சரக்கு அல்ல. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிசுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில், காமிய் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஒரு மின்சார வண்டியை மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். நூறைத் தாண்டிய முதல் கார் அதுதான். அதற்கு வைத்த பெயர் 'லா ஜமே கோந்தாந்த்', அதாவது 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்'.

அவ்வளவு வேகம் இருந்தும் மின்சார வண்டி பெட்ரோலிடம் தோற்றது. பாட்டரியின் கனம் ஒரு காரணம். எரிபொருள் கிடைத்த விதம் இன்னொன்று. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் இரண்டு மகன்களுடன் நெடும்பயணம் போனபோது, வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். காசு கொடுத்தார், வாங்கினார், புறப்பட்டார். கடைக்காரர் அவரிடம் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. மின்சார வண்டிக்கோ அந்தக் காலத்தில் நகரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மின்சாரமே கிடையாது.

நூறு வருடத்துக்கு மேல் கழிந்து மின்சாரக் கார் திரும்பி வந்தபோது, மின்சாரம் எல்லா ஊரிலும் இருந்தது. ஆனால் அந்த மருந்துக் கடையின் எளிமை இல்லை.

பிரெஞ்சு மின்வாரியத்தின் துணை நிறுவனம் 'கோரி-தோர்' என்ற பெயரில் நெடுஞ்சாலைகளில் சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒன்றாக 200 விரைவு சார்ஜ் கம்பங்களை நிறுவியது. 2016 தொடக்கத்தில் அவை முழு அளவில் இயங்கின. ஒவ்வொன்றும் 50 கிலோவாட். ஜப்பானிய முறை, ஐரோப்பிய முறை, மாறுதிசை மின்சாரம் என்று கார்களின் தேவைக்கேற்ப மூன்று விதச் செருகிகள் வைக்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாப்புக் காரணத்தால் 217 கம்பங்களில் 189ஐ மூடிவிட்டார்கள். அவற்றை நம்பிக் கார் வாங்கியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அதே நேரத்தில் விலையும் ஏறியது. பெரிய கார்க் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய அயனிட்டி நிறுவனம் அதுவரை ஒரு தடவை சார்ஜ் ஏற்ற 8 யூரோ வாங்கியது. 2020 ஜனவரி கடைசியிலிருந்து யூனிட்டுக்கு 79 சென்ட் என்று மாற்றியது. பிரான்சில் வீட்டு மின்சாரம் அப்போது யூனிட் சுமார் 16 சென்ட். நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் பிடிக்கும் கார் என்றால் கிட்டத்தட்ட 16 யூரோ ஆகும். அந்தக் காசுக்கு அன்று பத்து லிட்டர் பெட்ரோல் கிடைத்தது. பங்குதார கம்பெனிகளின் கார் வைத்திருந்து சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் விலை குறைவு.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டில் இரவு முழுக்க மெதுவாக ஏறும் மின்சாரத்தை அரை மணியில் ஏற்ற வேண்டுமானால் தனி டிரான்ஸ்ஃபார்மர், தடித்த கேபிள், பெரிய இணைப்பு எல்லாம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கார் வந்தாலும் இருபது கார் வந்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். வருகிற சிலர் தலையில் அது விழுகிறது.

பிறகு அரசாங்கம் தலையிட்டது. 2023 ஜனவரி 1க்குள் நெடுஞ்சாலையின் எல்லாச் சேவை நிலையங்களிலும் கம்பம் இருக்க வேண்டும் என்று 2021இல் பிரெஞ்சு அரசாணை வந்தது. கெடுவுக்குள் எல்லா இடத்திலும் முடியவில்லை. கெடு என்பது எந்த நாட்டு அலுவலகத்திலும் அப்படித்தான். ஆனாலும் 2023 மே மாதம் நாடு முழுக்கப் பொதுக் கம்பங்கள் ஒரு லட்சத்தைத் தொட்டன.

அதைவிடப் பெரிய மாற்றமாக எனக்குத் தோன்றுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக நிறுவும் 50 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள கம்பம் எதுவானாலும், சந்தாவும் உறுப்பினர் அட்டையும் இல்லாமல் சாதாரண வங்கி அட்டையை ஏற்க வேண்டும். விலையை யூனிட் கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். முக்கியச் சாலைகளில் உள்ள பழைய கம்பங்களுக்கு 2027 ஜனவரி 1 வரை அவகாசம். வழிப்போக்கர் காசு கொடுத்து வாங்கிப் போகலாம் என்ற பழைய வசதியைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

சட்டம் இன்னும் தீர்க்காத ஒன்று உண்டு. சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் மலிவான வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றுகிறார். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு, தனக்கென்று நிறுத்துமிடம் இருந்தால் அங்கே இணைப்புப் பெற பிரான்சில் உரிமை உண்டு. தெருவில் நிறுத்துபவருக்கு அதுவும் இல்லை. வசதி குறைந்தவர் அதே யூனிட்டுக்குப் பல மடங்கு விலை தருகிறார். இதைச் சரிசெய்யாத வரை மின்சாரக் கார் வீட்டுக்காரர்களின் வண்டியாகத்தான் இருக்கும்.