உதட்டுப் பிளவு: கருக்காலப் புகையும் மரபணுவும்

மேலுதடோ வாயின் மேற்பகுதியான அண்ணமோ கருவில் முழுமையாக ஒன்றுசேராமல் போவதே பிறவிப் பிளவு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. தமிழ்நாட்டில் இதற்குக் கிரகணத்தைக் காரணம் சொல்வோர் இன்றும் உண்டு. கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள் என்று பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. இது பெரும் அநியாயம். தாய், தந்தை இருவரின் மரபணுவுக்கும், வீட்டில் பரவும் புகையிலைப் புகைக்கும் இதில் பங்குண்டு.

மேலுதடு கருக்காலத்தின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9ஆம் வாரத்துக்குள்ளும் உருவாகின்றன. நாள் தள்ளிப்போயிருப்பதைப் பலர் கவனிப்பதே அந்த நேரத்தில்தான். புகையிலுள்ள நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கர்ப்பத் தொடக்கத்தில் தாய் புகைப்பது பிளவுக்கு ஒரு காரணம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2014 அறிக்கை உறுதிசெய்தது. ஆனால் புகை மட்டும் கூட்டும் அபாயம் சிறியது. புகைத்த தாய்மார்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிளவில்லாத குழந்தைகளே பிறக்கின்றன.

இந்த வேறுபாட்டை ஓரளவு விளக்குவது மரபணு. புகையின் நச்சுகளை முறிக்கும் நொதி ஒன்றை ஜி.எஸ்.டி.டி.1 என்ற மரபணு உருவாக்குகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரவேண்டிய இரு பிரதிகளும் இல்லாத குழந்தைக்கு அந்த நொதி கிடையாது. டென்மார்க்கிலும் அமெரிக்காவின் அயோவாவிலும் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2007இல் வெளியான ஆய்வின்படி, இத்தகைய கருவைச் சுமப்பவர் நாளுக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தால் பிளவின் வாய்ப்பு ஏறத்தாழ 20 மடங்காகிறது. நெதர்லாந்தில் 2001இல் வெளியான ஆய்வு கண்ட உயர்வு இதைவிடக் குறைவு. ஆகவே 20 என்ற எண்ணை எல்லா ஊருக்கும் பொருத்தக்கூடாது. புகையும் மரபணுவும் சேரும்போது ஆபத்து பெருகும் என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

இத்தகைய மரபணுக் குறை இருபுறமிருந்தும் வர ஒரு வழி உறவுத் திருமணம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளுள் ஒன்றான குண்டனி நாட்டில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது அவர்களிடமும் தமிழகச் சமவெளியிலும் பழகிய முறை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் மணந்தவர்கள். இந்திய அளவில் இது 11 விழுக்காடு. உறவில் மணந்தோரின் குழந்தைக்கு ஒரே மரபணுக் குறை இருபுறமிருந்தும் வந்துசேரும் வாய்ப்பு கூடுகிறது.

நம் பெண்கள் புகைப்பது அரிது. 2016–17 புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 2 விழுக்காட்டினரே புகைத்தனர். ஆண்களில் 19 விழுக்காட்டினர். ஆனால் வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் 38.7 விழுக்காட்டினர். இந்தப் புகையும் பிளவின் அபாயத்தைக் கூட்டுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள பொதுவிடத் தடை வீட்டுக்குள் செல்லுபடியாகாது. எனவே கர்ப்பிணிக்குச் சொல்லும் அறிவுரையில் பாதியைப் பீடி பிடிக்கும் கணவரிடம் சொல்லவேண்டும், அதுவும் கரு தரிக்கும் முன்பே.

பிளவுடன் குழந்தை பிறந்தாலும் வழியுண்டு. அண்ணம் பிளந்த குழந்தையால் பெரும்பாலும் சப்பிக் குடிக்க முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்துக்குப் பேச்சு வளரும் முன், பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவை செய்யப்படுகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இச்சிகிச்சை இலவசம்.