விசைப்பலகையின் வரலாறும் அதனைத் தெரியும் முறையும்

கருவியைக் கையாள்வோன் அதனைத் தானே தெரிந்தெடுத்ததாக எண்ணுதல் இயல்பு. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, அத்தெரிவின் பெரும்பகுதி அவன் பிறப்பதற்கு முன்னரே பிறரால் முடிக்கப்பட்டிருத்தல் புலனாகும். இவ்வுண்மைக்குக் கணினியின் விசைப்பலகையினும் சிறந்த சான்று காண்டல் அரிது. கடைகளில் 'மெக்கானிக்கல் கீபோட்' என வழங்கும் பொறிமுறை விசைப்பலகை ஒன்றை, எழுத்து வேலைக்கும் கணினி விளையாட்டுக்கும் ஒருசேரப் பயன்படுமாறு, முதன்முறையாக வாங்கப் புகும் இளைஞன் முன் வினாக்கள் பல எழுகின்றன. எழுத்துக்கள் எவ்வொழுங்கில் அமைதல் வேண்டும்? விசையின் கீழ் எவ்வகை ஆளி இருத்தல் நன்று? விசைகள் எத்துணை வேண்டும்? இவற்றுள் எவை அவன் தெரிவுக்கு உரியன, எவை காலம் முடித்து வைத்தன என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

எழுத்தொழுங்கின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரிற் பத்திரிகைத் தொழில் செய்த கிறித்தோபர் லதாம் சோல்ஸ் என்பவர், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூலே என்னும் இருவரோடு சேர்ந்து 1868 ஆம் ஆண்டிலே தட்டச்சுப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்து அவர் பொறியின் விசைகள் பியானோ வாத்தியத்தின் விசைகளை ஒத்திருந்தன. அப்பொறியைப் பெருந்தொகையாகச் செய்து விற்க 1873 இல் உடன்பட்டது, துப்பாக்கியாலும் தையற் பொறியாலும் பெயர் பெற்றிருந்த றெமிங்ரன் கம்பனியாகும். 1874 இல் விற்பனைக்கு வந்த பொறி தலைப்பெழுத்துக்களை மட்டுமே அச்சிட்டது. தான் தட்டிய வரியைத் தட்டுவோன் உடனே காணவும் இயலாதிருந்தது. தலைப்பெழுத்தும் சிற்றெழுத்தும் ஒரே விசையில் அடங்கி, மாற்று விசையினால் வேறுபடும் முறை 1878 இல் வெளிவந்த இரண்டாம் இலக்கப் பொறியிலேயே அமைந்தது.

மேல்வரிசையின் இடப்புறத்துள்ள கியூ, டபிள்யூ, ஈ, ஆர், ரீ, வை என்னும் ஆறெழுத்துக்களால் 'குவேட்டி' எனப் பெயர் பெற்ற ஒழுங்கு இக்காலத்தில் உருவாயிற்று. அதன் காரணம் பற்றி அறிஞரிடை ஒருமைப்பாடு இல்லை. அடுத்தடுத்து வரும் எழுத்துக்களின் அச்சுக்கோல்கள் ஒன்றோடொன்று மோதிச் சிக்குண்ணாதவாறு அவற்றைப் பிரித்து வைத்தனர் என்பது நெடுநாள் வழங்கிய கொள்கை. தந்திச் செய்திகளைக் கேட்டு எழுதியோரின் வசதியே அவ்வொழுங்கைத் திருத்தியது என்பது யப்பானிய ஆய்வாளர் இருவர் 2011 இல் எடுத்துரைத்த கொள்கை. எக்கொள்கை மெய்யாயினும் முடிவு ஒன்றே: இன்றைய கணினியில் அச்சுக்கோலும் இல்லை, தந்திக்காரனும் இல்லை, ஒழுங்கு மட்டும் நிலைத்து நிற்கின்றது.

நிலைத்ததன் காரணத்தை 1888 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சின்சினாற்றி நகரில் நிகழ்ந்த போட்டி ஒருவாறு விளக்கும். பிராங் மக்கரின் என்னும் சுருக்கெழுத்தாளர் விசைகளைப் பாராமலே தட்டும் பயிற்சி பெற்றவர். அவரோடு போட்டியிட்ட லூயிஸ் திறோப், தலைப்பெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வெவ்வேறு விசைகள் கொண்ட வேறொரு பொறியை விசை பார்த்துத் தட்டுபவர். மக்கரின் எளிதில் வென்றார். வென்றது பயிற்சியே; ஆயின் புகழ் பொறிக்கும் அதன் ஒழுங்குக்கும் சேர்ந்து போயிற்று. அதன்பின் பயிற்சிப் பள்ளிகள் அவ்வொழுங்கைக் கற்பித்தன. அதனைக் கற்றோர் மிகுந்தமையால் அலுவலகங்கள் அதனையுடைய பொறிகளையே வாங்கின. பொறிகள் மிகுந்தமையாற் பின்வந்தோரும் அதனையே கற்றனர்.

இச்சுழற்சியை உடைக்க முயன்றோருள் தலைசிறந்தவர் ஓகஸ்ற் துவோறாக் என்னும் பேராசிரியர். ஆங்கிலத்தில் மிகுதியும் பயிலும் எழுத்துக்களை விரல்கள் தங்கும் நடுவரிசையில் வைத்து, வில்லியம் டீலி என்பாரோடு 1936 இல் அவர் ஆக்கவுரிமை பெற்ற ஒழுங்கு அறிவுக்கு ஒத்ததாகவே தோன்றிற்று. எனினும், 1956 இல் அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் துறைக்காக நடாத்தப்பெற்ற சோதனையின் முடிவு, பழைய ஒழுங்கிற் பழகியோரைப் புதியதற்கு மாற்றுதலால் ஊதியமில்லை என்பதாயிற்று. தாழ்ந்த முறையொன்று முந்திக்கொண்டமையால் நிலைபெறலாம் என்பதற்கு விசைப்பலகையை எடுத்துக்காட்டாகப் பொருளியலாளர் போல் டேவிட் 1985 இற் காட்டினார். துவோறாக் ஒழுங்கின் மேன்மைக்குத் தக்க சான்றில்லை என லீபோவிற்சு, மார்கோலிசு என்னும் இருவர் 1990 இல் மறுத்தனர். இவ்வழக்கு இன்றும் தொடர்கின்றது. ஆயினும், ஒழுங்கு உறைவது பொறியில் அன்று, அதனைப் பயின்ற விரல்களில் என்பதை இரு திறத்தாரும் மறுக்கார்.

தமிழும் விசையும்

26 எழுத்துக்களுக்கெனச் செய்த பொறியில் 247 எழுத்துக்களை அடக்குதல் எளிதன்று. அவ்வரிய செயலை முடித்தவர் 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, பின்னர் மலாயா, சிங்கப்பூர் நாடுகளில் வாழ்ந்த ஆர். முத்தையா ஆவார். ஒவ்வோர் எழுத்துக்கும் விசை தேடாது, எழுத்தின் உறுப்புக்களைப் பிரித்து, சில குறிகளுக்குத் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்த அச்சிடும் உபாயத்தை அவர் கையாண்டார். பொறியை யேர்மனியிலே செய்வித்தார். அப்பொறி மரபிற் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகத் தட்டப்பட்டது; கண் காணும் ஒழுங்கே கையின் ஒழுங்காயிற்று. 1999 இற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு ஏற்ற 'தமிழ் 99' என்னும் அமைப்போ, உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் வகுத்து, மெய்யின் பின் உயிரைத் தட்டுமாறு இலக்கண நெறியைத் தழுவிற்று. இலங்கையிலோ தட்டச்சு மரபை ஒட்டிய இரங்கநாதன் அமைப்பு வழங்கிவருகின்றது.

இங்கே கருதத்தக்க வேறுபாடொன்று உளது. தட்டச்சுப் பொறியில் எழுத்தொழுங்கு இரும்பிலே வார்க்கப்பட்டது. மாற்ற விரும்பின் பொறியையே மாற்றுதல் வேண்டும். கணினியிலோ விசை அனுப்புவது ஓர் எண்ணை மட்டுமே. அவ்வெண் எவ்வெழுத்து என்பதை மென்பொருள் முடிவு செய்யும். ஆதலின் ஒரே பலகை எவ்வொழுங்குக்கும் இசையும். சோல்சின் காலத்து அடிமைத்தளையின் பாதி இவ்வாறு அறுந்தது. மற்றப் பாதி விரலின் பழக்கமாக எஞ்சியுள்ளது.

விசையின் கீழுள்ள பொறி

1981 இல் ஐபிஎம் கம்பனி தன் தனியாட் கணினியோடு அளித்த 83 விசைப் பலகை, 'மொடல் எஃப்' என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் இருந்தது. விசையை அழுத்துந்தோறும் சுருங்கும் அவ்வில், குறித்த ஓர் எல்லையிற் பக்கவாட்டாக மடிந்து, அடியிலுள்ள சிறு சுத்தியைச் சாய்க்கும். ஓசை கேட்பதும், விரல் உணர்வதும், எழுத்துப் பதிவதும் ஒரே கணத்தில் நிகழ்வன. 1985 இல் தோன்றிய 'மொடல் எம்' அவ்வில்லைக் காத்து, அதன் அடியில் மட்டும் மலிவான மென்படலத்தைப் பயன்படுத்திற்று. அதன் 101 விசை அமைப்பே பின்வந்த பலகைகளுக்கு அடிப்படையாயிற்று.

கணினி விலை வீழ்ந்தபோது பலகையின் விலையும் வீழ்தல் வேண்டியிருந்தது. எனவே வில்லுக்குப் பதிலாக இறப்பர்க் குமிழ் புகுந்தது. குமிழ் அமுங்கி அடியிலுள்ள படலங்களை ஒட்டச் செய்தால் எழுத்துப் பதியும். இது மலிவும் அமைதியும் உடையது. ஆயினும் பெரும்பாலும் அடிமட்டும் அழுத்தினாலன்றிப் பதியாது, நாட்செல்லச் செல்ல இறப்பர் தளர்ந்து உணர்ச்சியும் குன்றும்.

அக்காலத்திலேயே பிறிதொரு வழியும் திறந்திருந்தது. வோல்ட்டர் செரி என்பார் 1953 இல் அமெரிக்காவில் நிறுவிப் பின்னர் யேர்மனியில் நிலைகொண்ட செரி கம்பனி, 1983 இல் 'எம்எக்ஸ்' என்னும் ஆளியை அறிமுகஞ் செய்தது. சுருள்வில் ஒன்று, சிலுவைத் தலையுடைய தண்டு ஒன்று, இரு உலோகத் தகடுகள் என்பனவே அதன் உறுப்புக்கள். தண்டின் பக்கவடிவை மாற்றினால் விரல் உணர்வும் மாறும். மேடில்லாத் தண்டு நேரே வழுக்கிச் செல்லும். மேடுடையது நடுவே சிறு தடையை உணர்த்தும். தளர்ந்த மேற்றுண்டு உடையது தடையோடு ஓசையும் எழுப்பும். இம்மூவகைக்கும் முறையே சிவப்பு, பழுப்பு, நீலம் என நிறப்பெயர்கள் வழங்குகின்றன. சிவப்பு ஆளி 4 மில்லிமீற்றர் ஆழத்தில் 2 மில்லிமீற்றர் சென்றதும் பதியும். அதற்கு வேண்டுவது 45 சென்ரிநியூற்றன், அஃதாவது ஏறத்தாழ 46 கிராம் எடையின் அழுத்தம்.

2005 இன் பின் அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் சில இவ்வாளியை எழுதுவோர்க்கு மீண்டும் விற்றன. 2010 இல் றேசர் கம்பனியின் 'பிளக்விடோ' அதனை விளையாடுவோர் கூட்டத்திடையே பரப்பிற்று. செரியின் ஆக்கவுரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் அதையொத்த ஆளிகளைப் பெருக்க, விலை சரிந்தது. ஆடம்பரமாயிருந்த பொருள் மாணாக்கன் கைக்கும் எட்டிற்று.

விளையாட்டு வேண்டுவது யாது?

எழுதுவோன் விரல்கள் பலகை முழுதும் பரந்து செல்லும். விளையாடுவோன் இடக்கை சில விசைகளிலே தங்கி நிற்கும். டபிள்யூ, ஏ, எஸ், டீ என்னும் நான்கு விசைகளால் நடந்து வலக்கைச் சுட்டியாற் குறிபார்க்கும் முறை, 1997 இல் 'குவேக்' விளையாட்டுப் போட்டியில் வென்ற டெனிஸ் ஃபோங் என்பாராற் பெரிதும் பரவிற்று என்பர். இங்கே பல விசைகளை ஒருங்கே அழுத்த நேரும். விசைகள் நிரையும் நிரலுமாகப் பின்னிய கம்பிகளில் அமைவதால், மூன்றை அழுத்தும்போது அழுத்தாத நான்காவதும் அழுத்தப்பட்டதுபோலத் தோன்றுதல் கூடும். ஒவ்வொரு விசைக்கும் ஓர் இருவாயி வைத்தல் இப்பிழையை நீக்கும். வாங்குவோன் ஆராயவேண்டிய உண்மையான சிறப்பு இஃதேயன்றிப் பலகையின் அடியில் மின்னும் வண்ண விளக்கன்று.

அண்மையில் காந்த ஆளிகள் பெயர் பெற்றுள்ளன. 1879 இல் எட்வின் ஹோல் கண்ட விளைவே அவற்றின் அடிப்படை. காந்தம் எவ்வளவு தாழ்ந்தது என்பதை அவை அளத்தலால், பதியும் ஆழத்தைப் பயனாளரே வகுக்கலாம். விரல் சற்றே எழுந்தாலும் விசை விடுபட்டதாகக் கொள்ளலாம். இதனை நெதர்லாந்தின் வூற்றிங் நிறுவனம் பரப்பிற்று. இவ்வளர்ச்சி ஓர் அறவினாவையும் எழுப்பிற்று. எதிரெதிர்த் திசை விசைகளைப் பலகையே ஒழுங்குசெய்து கைத்திறனுக்கு ஈடாக நின்றபோது, வால்வ் நிறுவனம் 2024 ஓகத்து மாதத்தில் தன் விளையாட்டுக் களத்தில் அதனைத் தடைசெய்தது. வெற்றி விரலுக்கு உரியதா, விலைக்கு உரியதா என்பதே அங்கு எழுந்த வழக்கு.

தெரியும் முறை

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து முதற் பலகை வாங்குவோனுக்குச் சில முடிவுகள் பெறப்படும். எழுத்தொழுங்கை மாற்றுதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஆயின் பணம் வேண்டா. ஆகவே அதனைப் பற்றிய கவலை கடையில் எழவேண்டியதன்று. ஆளியைப் பொறுத்தவரை, விரைந்து மீள அழுத்தும் விளையாட்டுக்கு வழுக்கும் சிவப்பும், பதிந்ததை விரலால் அறிய விரும்பும் எழுத்தாளனுக்கு மேடுடைய பழுப்பும் ஒத்தன. இரண்டும் வேண்டுவோன் தன் நாளின் பெரும்பகுதி எதிற் கழிகின்றது என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் நன்று. ஓசையுடைய நீலம் தனித்து வாழ்வோனுக்கே தகும். ஓரறையிற் பலர் படிக்கும் வீட்டிலே அவ்வோசை பிறர் பொறுமையைச் சோதிக்கும். கணக்கு வேலை உடையோன் எண் விசைகள் கொண்ட 104 விசைப் பலகையை நாடுவான். அஃதில்லாதோனுக்கு 87 விசைப் பலகை போதும், சுட்டிக்கு இடமும் கிடைக்கும்.

எல்லாவற்றினும் மேலாக, பற்றாசின்றி ஆளிகளைக் கழற்றிப் பூட்டும் பலகையைத் தெரிதல் அறிவுடைமையாம். சோல்சின் பொறியை வாங்கியோர் தம் தெரிவை மீட்டல் இயலாதிருந்தது. அவர் தெரிவு பேரப்பிள்ளைகளையும் பிணித்தது. இன்று வாங்குவோன் சிவப்பு ஒவ்வாதாயிற் பழுப்பைச் சில நாழிகையிற் பொருத்தலாம். மீட்கத்தக்க தெரிவையே முதலிற் செய்க என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். பொறி எத்துணைச் சிறந்ததாயினும் விரைவு பயிற்சியாலேயே வரும் என்பதற்கோ, விசைகளைப் பாராமலே தட்டி வென்ற மக்கரின் இன்றும் சான்றாக நிற்கின்றார்.