கள்ளிக் குழந்தை

"நீலிக் கண்ணீர் வடிக்காதே!" என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் வைவது உண்டு. வைகிறவர்களிலும் சரி, வையப்படுகிறவர்களிலும் சரி, அந்த நீலி யார், எந்த ஊரில் அழுதாள் என்று தெரிந்தவர்கள் குறைவு. அவள் அழுத ஊர் பழையனூர். திருத்தணிப் பக்கத்தில், திருவாலங்காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு நிலையம் வரும். ஐந்து சபைகளில் ரத்தின சபை உள்ள தலம். காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம். இவ்வளவு பெருமையுள்ள தலத்துக்கு அண்டை ஊரை நாம் ஒரு பேயின் அழுகையைக் கொண்டு ஞாபகம் வைத்திருக்கிறோம். ஜனங்களின் ஞாபகசக்தியே ஒரு தினுசு.

கதை இதுதான். முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க ஒருத்தி நீலிப் பேயாகக் காத்திருக்கிறாள். அவன் இப்பிறப்பில் வணிகன். ஆபத்து வரும் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தபடியால் மந்திரித்த வாளைக் கையை விட்டு அகற்றாமல் வழி நடக்கிறான். வாள் இருக்கும்வரை நீலியால் நெருங்க முடியவில்லை. அவள் என்ன செய்தாள்? ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த சபையில் போய் விழுந்தாள். "என் புருஷன் என்னைத் தள்ளிவிட்டு ஓடுகிறார், நீங்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும்" என்று கண்ணீர் விட்டாள். "இவள் என் மனைவி அல்ல, பேய்!" என்று வணிகன் அலறினான். பெரியவர்கள் குழந்தையைக் கீழே விடச் சொன்னார்கள். அது நேரே வணிகனிடம் ஓடி, "அப்பா!" என்றது. வழக்கு முடிந்துவிட்டது. வாளையும் வாங்கி வைத்துவிட்டு, "உன் உயிருக்கு எழுபது பேரும் ஜாமீன்" என்று சொல்லி, இருவரையும் ஒரே வீட்டில் அடைத்தார்கள். காலையில் வணிகன் பிணமாகக் கிடந்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்கி உயிர் விட்டார்கள்.

இது நேற்று முளைத்த கதை அல்ல. ஞானசம்பந்தர் திருவாலங்காட்டின் மீது பாடிய பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேய் உண்டா இல்லையா என்ற விவகாரம் நமக்கு வேண்டாம். என்னை உறுத்துவது வேறு விஷயம். எழுபது பேர், நூற்று நாற்பது கண்கள். அந்தச் சபையில் பார்ப்பதற்கு எத்தனையோ இருந்தன. வணிகனின் நடுக்கம் இருந்தது. அவன் வாளை இறுகப் பற்றியிருந்த கை இருந்தது. அந்த வாளையே பறிக்கச் சொல்லி அவள் காட்டிய அவசரம் இருந்தது. ஆனால் நூற்று நாற்பது கண்களும் குழந்தையின் மேல் போய் நின்றுவிட்டன! அவர்கள் முட்டாள்கள் அல்ல. அதுவரை தீர்த்த குடும்ப வழக்குகளிலெல்லாம் குழந்தை பொய் சொல்லியிருக்காது. உண்மையையே காட்டி வந்த அடையாளம் ஒன்று கையில் இருக்கும்போது வேறு எதையும் பார்க்கக் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு விளக்கம் எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள், அமெரிக்கப் புறாக்களிடமிருந்து! 1961-ல் ரெனால்ட்ஸ் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இரண்டு புறாக்களைப் பழக்கினார். சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணம் தெரியும்போது கொத்தினால் தீனி. பச்சைப் பின்னணியில் வெள்ளை வட்டம் தெரிந்தால் எவ்வளவு கொத்தினாலும் ஒன்றும் கிடையாது. இரண்டு புறாக்களும் பாடத்தைப் பிசகில்லாமல் கற்றுக்கொண்டன. பிறகு அவர் நிறத்தைத் தனியாகவும் உருவத்தைத் தனியாகவும் காட்டிப் பார்த்தார். ஒரு புறா சிவப்பைத்தான் கொத்திற்று. முக்கோணத்தைச் சட்டை செய்யவில்லை. மற்றது முக்கோணத்தைக் கொத்திற்று. சிவப்பு அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே பரிசு. ஆனால் இரண்டும் கற்றது வேறு வேறு.

அதற்கு முன்பே, 1952-ல், வைக்காஃப் என்பவர் இன்னொரு விந்தையை வெளியிட்டிருந்தார். அவருடைய புறா ஒரு மிதிகட்டையில் ஏறி நின்றால் எதிரே உள்ள வெள்ளை விளக்கு சிவப்பாகவோ பச்சையாகவோ மாறும். ஒரு நிறம் தீனி வரும் வேளையைக் காட்டும். மற்றது வராத வேளையை. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் தீனி வருகிறபடிதான் வரும். இருந்தும் புறா ஏறி நின்று பார்த்தது. நிறங்களுக்கும் தீனிக்கும் சம்பந்தம் இல்லாமல் செய்தபோது, மிதிப்பதும் குறைந்துபோயிற்று. பார்ப்பது என்பதும் ஒரு செய்கை. பயன் கண்டால் வளர்கிறது, காணாவிட்டால் தேய்கிறது. பழையனூர்ச் சபையில் குழந்தையைப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது; மற்றவற்றைப் பார்க்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கள்ளியைப் பழையனூரார் அறியாதவர்களா என்ன? பழைய சாஸனங்களில் நிலத்துக்குக் கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். வயல் வரப்பில் நின்ற கள்ளியை எந்த வேளாளரும் தவறவிட்டிருக்க மாட்டார். எல்லைத் தகராறு அதில் அடங்கியிருக்கிறது அல்லவா? அதே கள்ளி இடுப்பில் ஏறி மழலை பேசியபோதுதான் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பழையனூரைப் பற்றிய இன்னொரு பெரிய ஆவணம் 1905-ல் அகப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தானம் கொடுத்ததைச் சொல்லும் 31 ஏடுகள். இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அவற்றின் புகைப்படத்தைப் பார்த்தபோது என் கண் முதலில் போனது புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரைக்குத்தான். கதை எழுதுகிறவன் கண் அப்படி. அதைப் பதிப்பித்த கிருஷ்ண சாஸ்திரி போன்ற சாஸன நிபுணர்களின் கண் ஆட்சியாண்டுக்குப் போயிற்று. தமிழ்ப் பகுதி ராஜேந்திரனின் ஆறாம் ஆண்டைச் சொல்கிறது. அதாவது 1017-18 வாக்கு. வடமொழிப் பகுதியோ அவன் கங்கை நீர் கொண்டு வந்ததையும், கடல் கடந்து கடாரம் வென்றதையும் புகழ்கிறது. கடாரப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. நடக்காத போரை எப்படிப் புகழ முடியும்? ஆகவே வடமொழிப் புகழ்மாலை பல வருஷங்கள் கழித்துச் சேர்க்கப்பட்டது என்று கண்டுகொண்டார்கள். ஒரே வளையத்தில் கோத்த ஏடுகள். வம்சாவளியை மட்டும் தேடிப் படிக்கிறவர் நூறு தடவை படித்தாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

பழையனூர்ப் பெரியவர்களுக்கு நூறு தடவை பார்க்க அவகாசம் இல்லை. ஒரே இரவுதான். பொய்யைக் கண்டுபிடிக்கத் தவறியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீக்குள் இறங்கிக் கணக்கைத் தீர்த்தவர்களிடம் நாம் என்ன பாக்கி கேட்பது? ஆனால் அந்த வணிகனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பேய் என்பதை அந்தச் சபைக்கு அவனால் நிரூபித்துக் காட்ட முடியாது. அவன் அலற அலற, மனைவியை வெறுக்கும் முரட்டுப் புருஷனாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருப்பான். வாளை அவன் கையிலேயே விட்டிருந்தால் போதும். நீலி யார் என்று அன்றைக்கு ஒருவரும் கண்டுபிடிக்க வேண்டியிருந்திராது.